சிப்பியைத் திறந்து பார்த்தல்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கடலின் அடியில் சிப்பிகள் படர்ந்து வாழும் பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். இன்ன பாரில் சிப்பி நன்றாக விளைந்திருக்கிறது என்ற செய்தி கிடைத்தவுடனே தோணிகளைத் திரட்டிக்கொண்டு எவரும் புறப்பட்டுவிட மாட்டார்கள். முதலில் அந்தப் பாரைப் பார்வையிட அதிகாரிகள் செல்வார்கள். மாதிரிக்கென்று சிப்பிகளை எடுத்துக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, அரித்து, உள்ளே அகப்பட்ட முத்துகளைத் தரம் பிரித்து, முத்து மதிப்பதில் கைதேர்ந்தவர்களைக் கொண்டு விலை மதிப்பார்கள். அந்த மதிப்பு செலவுக்கு ஈடுகொடுக்கும் என்று தெரிந்த பின்னரே குளிப்புக்கு நாள் குறிக்கப்படும். செய்தி கொண்டுவந்தவர் நல்லவரா, பெரியவரா, அழகாகப் பேசுகிறவரா என்பதை வைத்து முடிவு செய்யும் வழக்கம் இல்லை. சிப்பியைத் திறந்து பார்த்து முடிவு செய்வதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்தை இன்று நான் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. உங்களிற் பலருடைய வீடுகளில் இப்போது ஒரு புதிய ஆசான் வந்து அமர்ந்திருக்கிறார். கேட்ட கேள்விக்குக் கணப்பொழுதில் விடை சொல்கிறார். தமிழில் கேட்டால் தமிழிலேயே சொல்கிறார். பத்து முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. செயற்கை நுண்ணறிவால் இயங்கும் உரையாடும் இயந்திரத்தைத்தான் சொல்கிறேன். 2022-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘சாட்ஜிபிடி’ என்பதைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. அதைத் தொடர்ந்து அத்தகைய இயந்திரங்கள் பல வந்துவிட்டன. கடற்கரைச் சிற்றூர்களிலும் தந்தையின் கைபேசியை வாங்கி, பிள்ளைகள் இவற்றிடம் விஞ்ஞானக் கேள்விகள் கேட்பதை நான் காண்கிறேன்.

கேள்வி கேட்பது நல்லது. ஆனால் வந்த விடையை என்ன செய்வது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இக்கடற்கரையைச் சேர்ந்த மாணவர் சிலரோடு மாலை வேளைகளில் அமர்ந்து, அவர்கள் இயந்திரத்திடம் கேட்கும் கேள்விகளையும் பெறும் விடைகளையும் கவனித்து வருகிறேன். ஒருநாள் அவர்கள் கேட்ட கேள்வி இது: “முத்து எவ்வாறு உண்டாகிறது?” விடை தயங்காமல் வந்தது. ஒரு மணல் துகள் சிப்பிக்குள் புகுந்துவிடுகிறது, அதன் உறுத்தலைப் பொறுக்கமாட்டாத சிப்பி, அதன்மேல் பளபளப்பான பொருளை அடுக்கடுக்காகப் பூசுகிறது, அதுவே முத்து. கேட்பதற்கு இனிய விடை. நீங்களும் இதைப் படித்திருப்பீர்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு சிறுமி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “சிப்பி மணலும் சேறும் உள்ள கடலில்தானே வாழ்கிறது? நாள்தோறும் வாயைத் திறந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறதே! மணல் புகுந்தால் முத்து உண்டாகும் என்றால் எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்க வேண்டாமா?” என்று கேட்டாள். சங்குகுளிக்கும் தொழிலில் முதிர்ந்த அவளுடைய தாத்தாவிடம் போய்க் கேட்டோம். சிப்பியைக் குவியல் குவியலாக அறுத்தாலும் நல்ல முத்து அகப்படுவது அரிது என்று தம் முன்னோர் சொல்லக் கேட்டிருப்பதாக அவர் கூறினார். முத்து எப்படி உண்டாகிறது என்று கேட்டதற்கு, “அது எனக்குத் தெரியாது, அம்மா” என்றார். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் பிரித்துச் சொன்னார் அல்லவா? அந்தப் பிரிவினையை மனத்திற் கொள்ளுங்கள். பின்னால் அது நமக்குப் பயன்படும்.

முத்தின் பிறப்பைப் பற்றி மனிதர் சொன்ன விடைகளின் வரலாறு மிகச் சுவையானது. மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்று நம் நாட்டார் நெடுங்காலம் நம்பினர். பனித்துளி முத்தாகிறது என்று மேலைநாட்டாரும் எழுதி வைத்தனர். இந்த விடையைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. முத்துச் சிப்பி தன் உடலிலிருந்து சுரக்கும் நாரினால் பாறையைப் பற்றிக்கொண்டு பல பாகம் ஆழத்தில் கிடக்கிறது. மழைத்துளியை ஏந்த அது மேலே மிதந்து வருவதில்லை. இதைக் கண்ணால் கண்ட குளிப்பாளர் ஒருவரைக் கேட்டிருந்தால் அந்தக் கதை அன்றே முடிந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இலங்கையிற் பிறந்த மருத்துவரான கெலார்ட் என்பவர் மன்னார்க் கடலின் சிப்பிகளை ஆராய்ந்தார். சிப்பியின் உடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கும் முத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவர் எழுதினார். பின்னர் 1902-ஆம் ஆண்டில், லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்ட்மன் இலங்கை அரசின் அழைப்பின்பேரில் வந்து பார்களை ஆராய்ந்தார். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிற்காலத்தில் நம் சென்னை மாகாணத்து முத்து, சங்குக் குளிப்புகளையும் ஆராய்ந்தவர். ஹெர்ட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. வெளியிட்டது லண்டன் ராயல் சொசைட்டி. ஒரு வகை நாடாப்புழுவின் இளம்பருவம் சிப்பிக்குள் இறந்து கிடக்க, அதைச் சுற்றியே உயர்ந்த முத்து உருவாகிறது என்பது அவருடைய கொள்கை.

பேராசிரியர் பெரியவர், வெளியிட்ட சங்கமும் பெரிது. ஆயினும் ஜேம்சன் என்னும் ஆராய்ச்சியாளர் அதை அப்படியே ஏற்கவில்லை. இவர் யார் தெரியுமா? குளிர்நாட்டுக் கடற்சிப்பி ஒன்றில் ஒட்டுண்ணிப் புழுவே முத்துக்குக் காரணம் என்று 1902-இல் தாமே எழுதியவர். ஆகவே புழுக் கொள்கைமேல் அவருக்குப் பகை இருக்க நியாயமில்லை. இருந்தும் இலங்கை முத்துகளை அறுத்து, நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். நடுவில் நாடாப்புழு இருந்ததற்கு ஏற்ற சான்று இல்லை என்று 1912-இல் எழுதினார். தமக்குப் பிடித்தமான விடையாக இருந்தபோதிலும் முத்தை அறுத்துப் பார்த்த அந்த மனப்பான்மைக்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர்.

அப்படியானால் உண்மை என்ன? சிப்பியின் ஓட்டுக்கு உட்புறம், அதன் உடலைப் போர்வை போல் மூடிய மெல்லிய தசை ஒன்று உண்டு. ஓட்டின் உட்பக்கத்துப் பளபளப்பைச் சுரப்பது அதுதான். அந்தப் போர்வையின் மேற்றோல் உயிரணுக்களிற் சில, காயத்தாலோ வேறு காரணத்தாலோ இடம் பெயர்ந்து உடலின் உட்பகுதிக்குள் சென்றுவிட்டால், அங்கே பெருகி ஒரு சிறு பை ஆகின்றன. அந்தப் பை, ஓட்டைச் சுரக்கும் தன் பழைய வேலையை அங்கேயும் செய்கிறது. சுண்ணாம்புப் படிகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரின் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புத்தான். அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியே முத்தின் நீரோட்டம். வெளியிலிருந்து ஒரு பொருள் புக வேண்டும் என்பதில்லை. அந்தப் பை உருவாவதே இன்றியமையாதது.

இதற்குச் சான்று கேட்டால், அதுவும் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் உருண்டை முத்தை வளர்க்கும் முறையைக் கண்டனர். சிப்பியோட்டில் கடைந்த ஒரு மணியை மட்டும் சிப்பியின் உடலுக்குள் வைத்தால் போதாது. மற்றொரு சிப்பியின் போர்வைத் தசையிலிருந்து வெட்டிய சிறு துண்டையும் அதை ஒட்டி வைக்க வேண்டும். அந்தத் துண்டுதான் பையாகிறது. இம்முறை நம் நாட்டில் வெற்றி கண்ட இடம் தூத்துக்குடிக்கு வடக்கேயுள்ள வேப்பலோடை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் அழகர்சாமி 1973-ஆம் ஆண்டு அங்கே வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். 1981-இல் முத்துச் சிப்பியின் குஞ்சுகளையே தூத்துக்குடி ஆய்வகத்தில் பொரிக்க வைத்தனர். சிறுமியின் ஐயம் நியாயமானதே என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

இனி, இயந்திரம் ஏன் மணல் கதையைச் சொன்னது என்று பார்ப்போம். அது பொய் சொல்ல நினைத்ததா? இல்லை. மனிதர் எழுதிய எண்ணற்ற பக்கங்களைக் கொண்டு அந்த இயந்திரத்தைப் பயிற்றுவிக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து அது வாக்கியங்களைக் கட்டுகிறது. மணல் கதை ஆயிரம் இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பையின் கதை சில இடங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பலரும் சொன்னது எளிதில் நாவில் வருகிறது, மனிதருக்கும் அப்படித்தான். இப்போதைய இயந்திரங்களிற் சில வலைத்தளங்களைத் தேடிப் பார்த்தும் விடை தருகின்றன. முன்னையினும் நன்றாகவே தருகின்றன. ஆனாலும் சரியான விடையும் தவறான விடையும் ஒரே தெளிவான நடையில், ஒரே உறுதியோடு வருகின்றன. தாத்தா செய்த பிரிவினையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தமக்குத் தெரியாத இடத்தில் நிறுத்திக்கொண்டார். இயந்திரம் பல வேளைகளில் அந்த இடத்தில் நிறுத்துவதில்லை.

இது சிறுவருக்கு மட்டும் நேரும் இடர்ப்பாடு அன்று. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகிள் நிறுவனம் ‘பார்டு’ என்னும் தன் உரையாடும் இயந்திரத்தை அறிமுகம் செய்தது. ஜேம்ஸ் வெப் வானத்தொலைநோக்கியின் புதுமைகளை ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்பது விளம்பரத்திற் காட்டிய கேள்வி. நம் சூரிய மண்டலத்துக்கு வெளியே உள்ள கோளை முதன்முதலாகப் படம் பிடித்தது அத்தொலைநோக்கியே என்று இயந்திரம் விடை சொன்னது. வானியலறிஞர்கள் உடனே மறுத்தனர். அத்தகைய முதற்படம் 2004-இலேயே சிலி நாட்டில் உள்ள பெருந்தொலைநோக்கியால் எடுக்கப்பட்டுவிட்டது. அச்செய்தி பரவியவுடன் அந்நிறுவனத்தின் தாய் நிறுவனப் பங்குகளின் மதிப்பு ஏறத்தாழ 10,000 கோடி டாலர் அளவுக்கு வீழ்ந்தது. அந்த விளம்பரத்தை உலகுக்கு வெளியிடுமுன் எவரேனும் ஒரு வானியல் நூலைப் புரட்டியிருந்தால் போதுமே!

“அப்படியானால் இயந்திரத்தை விட்டுவிட்டு நூலை நம்பலாமா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பதினான்காம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய இபன் பதூதா, பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பாளரைப் பற்றி எழுதுகையில், அவர்களிற் சிலர் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் நீருக்கடியில் இருப்பர் என்று எழுதினார். அதுவும் நூல்தான், எழுதியவரும் புகழ்பெற்றவர்தான். ஒரு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, தரையில் நாற்காலியில் அமர்ந்தபடி, உங்களால் எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடிகிறது என்று பாருங்கள். தண்ணீரில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்; ஆபத்து. நம் கடலின் குளிப்பாளரைப் பிற்காலத்தில் கடிகாரம் வைத்துக் கவனித்தவர்கள், அவர்கள் நீருக்கடியில் இருந்தது பெரும்பாலும் ஒரு நிமிடம், அதற்குச் சற்று மேல் என்று குறித்தனர். நூலும் தவறலாம், பேராசிரியரும் தவறலாம், இயந்திரமும் தவறலாம். இவர்களில் யாரை நம்புவது என்று வரிசை கட்டுவதால் பயன் இல்லை. சொன்னதைத் திறந்து பார்க்க ஒரு வழி உண்டா என்று தேடுவதே பயன் தரும்.

தூத்துக்குடியில் அந்த வழிகளுக்குக் குறைவில்லை. மேற்சொன்ன மாணவர்கள், “ஒரு லிட்டர் கடல்நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது?” என்று இயந்திரத்தைக் கேட்டனர். ஏறத்தாழ 35 கிராம் என்று விடை வந்தது. மறுநாள் ஒரு லிட்டர் கடல்நீரை எடுத்து வடிகட்டி, பெரியவர் ஒருவர் அருகிருக்க அடுப்பில் வைத்து வற்றவிட்டோம். எஞ்சியதைக் கடைத் தராசில் நிறுத்தோம். 39 கிராம் இருந்தது. “இயந்திரம் தவறு!” என்று ஒரு சிறுவன் குதித்தான். “பொறு தம்பி, தவறியது யார் என்று இனிமேல்தான் தெரியும்” என்றேன்.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் அந்த உப்பைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, ஈரம் போகவில்லை என்றார். கடல்நீரில் உள்ளது சமையல் உப்பு மட்டுமன்று. மக்னீசிய உப்புகளும் உண்டு. அவை காற்றின் ஈரத்தையும் பற்றிக்கொள்ளும், எளிதில் விடா. 35 கிராமில் சமையல் உப்பு ஏறத்தாழ 27 கிராம்தான். அளங்களில் நீரின் அடர்த்தியைப் போமே மானியால் அளந்து, ஏறத்தாழ 25 பாகை வந்ததும் உப்புப் பாத்தியில் விடுவதும், 29 பாகை அளவில் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றுவதும் இதன் பொருட்டே. அந்தக் கசப்பு நீரில்தான் மக்னீசியம் மிகுந்திருக்கிறது. பாருங்கள், நான்கு கிராம் வேறுபாடு எங்களை எவ்வளவு தூரம் அழைத்துச் சென்றது! எண் பொருந்தியிருந்தால் அன்றோடு வீட்டுக்குப் போயிருப்போம். விடையும் சோதனையும் முரண்படும்போது சோர்வடைய வேண்டாம். புதிய அறிவு பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது.

இயந்திரம் தடுமாறும் மற்றோர் இடத்தையும் மாணவர்கள் கண்டுபிடித்தனர். அது காலம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு இன்றும் நடைபெறுவதுபோல அது ஒருமுறை வருணித்தது. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கொற்கை ஒரு கடற்கரைத் துறைமுகம் என்றும் சொன்னது. பாண்டியர் காலத்தில் அப்படித்தான். ஆனால் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போய், இன்று கொற்கை கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. பழைய நூல்களில் நிகழ்காலத்தில் எழுதியிருப்பதை இயந்திரமும் நிகழ்காலமாகவே திருப்பிச் சொல்லிவிடுகிறது. ஆகவே எந்த விடை வந்தாலும், “இது எந்த ஆண்டின் செய்தி?” என்று கேட்கப் பழகுங்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஓர் இயந்திரத்தின் விடையை மற்றோர் இயந்திரத்திடம் கேட்டு, இரண்டும் ஒன்றாகச் சொன்னால் உண்மை என்று சிலர் கொள்கிறார்கள். இரண்டு சாட்சிகள் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அவ்விருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து ஒரே கதையைக் கேட்டவர்களாக இருந்தால்? இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரே வகை எழுத்துகளைப் படித்து வளர்ந்தவை. எனவே ஒரே தவற்றை இரண்டும் செய்யக்கூடும். வேறு வழியில் அறிந்த சாட்சியைத் தேடுங்கள். தராசு ஒரு சாட்சி. உப்பளத் தொழிலாளி ஒரு சாட்சி. ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கை ஒரு சாட்சி. இயந்திரம் ஒரு நூலின் பெயரைச் சான்றாகச் சொன்னால் அந்த நூல் உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2023-இல் நியூயார்க் நகரத்து வழக்கறிஞர்கள் இருவர், இயந்திரம் புனைந்து தந்த வழக்குகளை உண்மை வழக்குகள் என்று நம்பி நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தனர். 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சட்டம் கற்ற பெரியவர்களுக்கே அந்நிலை.

இப்போது மிகவும் இன்றியமையாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா விடையையும் சோதித்துக்கொண்டிருக்க எவராலும் முடியாது. எதை எவ்வளவு சோதிப்பது? விடை தவறானால் இழப்பது என்ன என்பதைப் பொறுத்தது அது.

நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டாலும் சங்குகுளிப்பு நிற்கவில்லை. முன்னோர் மூச்சை அடக்கி மூழ்கினர். இன்று பலர் காற்றழுத்தும் இயந்திரத்திலிருந்து குழாய்வழியே வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நெடுநேரம் அடியில் வேலை செய்கின்றனர். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடாப் புட்டியில் நுரை எழுவதுபோல அது குமிழிகளாக வெளிப்படுகிறது. மூட்டுவலி, கைகால் வழங்காமை, உயிரிழப்பு வரை அது கொண்டுபோய் விடும். ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் வெள்ளாடுகளை வைத்துச் சோதித்து, எந்த ஆழத்திலிருந்து எத்தனை கட்டங்களில் நின்று நின்று மேலேற வேண்டும் என்ற அட்டவணையை 1908-இல் வெளியிட்டார். பின்னர் வந்த அட்டவணைகள் யாவும் மேலும் சோதித்துத் திருத்தப்பட்டவை.

குளிப்பாளர் ஒருவரின் மகன், “என் அப்பா இவ்வளவு ஆழத்தில் இத்தனை நேரம் இருந்தால் எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும்?” என்று இயந்திரத்தைக் கேட்க எண்ணினான். அவன் அன்பு பெரிது. ஆனால் முத்தின் பிறப்பைப் பற்றிய விடை தவறினால் ஒரு மதிப்பெண் போகும். இந்த விடை தவறினால் தகப்பன் போவார். இங்கே இயந்திரத்தின் விடையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் நமக்கு இல்லை. ஆகவே முறையான பயிற்சி பெற்ற மூழ்காளரையும், இத்துறை அறிந்த மருத்துவரையும்தான் கேட்க வேண்டும். அழுத்தம் என்றால் என்ன, நைட்ரஜன் ஏன் கரைகிறது என்பவற்றை இயந்திரத்திடம் கேட்டுப் புரிந்துகொண்டு, பின் அந்த மருத்துவரிடம் தெளிவான கேள்வியோடு போகலாம். அவனும் அப்படியே செய்தான். நோய், மருந்து, மின்சாரம், அமிலம், கடல் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே விதி என்று கொள்ளுங்கள்.

மற்றொரு காவலும் வேண்டும். 1966-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர் ‘எலிசா’ என்ற உரையாடும் நிரலை ஆக்கினார். நாம் சொல்வதையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய வித்தை அது. ஆயினும் அதனோடு பேசியவர்கள் தம் அந்தரங்கத்தை எல்லாம் அதனிடம் சொல்லத் தலைப்பட்டதைக் கண்டு அவரே திடுக்கிட்டார். இன்றைய இயந்திரங்கள் அதனினும் நூறு மடங்கு நயமாகப் பேசுகின்றன. உங்கள் பெயர், பள்ளி, முகவரி, படம் ஆகியவற்றை அவற்றிடம் கொடுக்க வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் நம் நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்று கொண்டு, பெற்றோர் இசைவைக் கேட்கிறது. வகுப்பறையில் இவ்வியந்திரங்களைத் தனித்துப் பயன்படுத்துவதற்கு 13 வயதேனும் ஆகியிருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ நிறுவனமும் அதே ஆண்டில் வழிகாட்டியது. பெரியவர் ஒருவர் உடனிருக்கக் கேட்பதே நல்லது.

இவ்வளவும் சொன்னதால் நான் இயந்திரத்தை வெறுப்பவன் என்று கருதிவிடாதீர்கள். வகுப்பில் கைதூக்கக் கூசும் பிள்ளை, அதனிடம் கூசாமல் கேட்கிறது. விளங்காத ஒன்றை வேறு உவமையால் விளக்கச் சொன்னால் விளக்குகிறது. ஆங்கில நூலில் உள்ளதைத் தமிழில் எடுத்துரைக்கிறது. “இந்த விடையை வீட்டிலேயே எப்படிச் சோதிக்கலாம்?” என்று கேட்டால், சோதனை வழிகளையும் சொல்கிறது. இந்தக் கடைசிக் கேள்விதான் மிகச் சிறந்த கேள்வி என்பது என் கருத்து. விடை கேட்பவன் பெறுவது ஒரு வரி. சோதனை கேட்பவன் பெறுவது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வேலைதான் மனத்தில் தங்குகிறது.

பிள்ளைகள் தாமே ஆராய்வது நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. 1993 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுக்களாகச் சேர்ந்து தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து, அளந்து, எண்ணி, அறிக்கை எழுதுகிறார்கள். 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நம் மாநிலத்தில் இப்பணிக்குத் துணைநின்று வந்திருக்கிறது. உங்கள் ஊர்க் கிணற்று நீர் ஏன் கரித்தது, இந்த ஆண்டு உப்பு ஏன் தாமதமாக விளைந்தது என்பன போன்ற கேள்விகளுக்கு எந்த இயந்திரமும் முன்கூட்டியே விடை படித்திருக்க முடியாது. நீங்கள் அளந்து எழுதினால்தான் அது உலகுக்குத் தெரியவரும். நாளை இயந்திரங்கள் கற்கும் பாடம் இன்று நீங்கள் எழுதும் குறிப்பாகவும் இருக்கக்கூடும். அது மணல் கதையாக இராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

முடிக்குமுன் ஒரு சிறு வேலை தருகிறேன். உடைந்த சிப்பியோடு ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் இட்டு, அது மூழ்கும்வரை சமையற்காடி ஊற்றினால் என்ன நிகழும் என்று இயந்திரத்திடம் முதலில் கேளுங்கள். அதன் விடையை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே நீங்கள் நினைப்பதையும் எழுதுங்கள். பின்பு செய்து பாருங்கள். உடனே என்ன கண்டீர்கள், ஒரு மணி கழித்து என்ன, மறுநாட் காலையில் என்ன என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்று விடைகளும் பொருந்தாத இடம் ஏதேனும் இருந்தால், அதன் கீழ் ஒரு கோடு இட்டு உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த ஆராய்ச்சி அந்தக் கோட்டிலிருந்து தொடங்கட்டும்.